உறையில் ஒன்பதாவது பெயர்

சில மாதங்களுக்கு முன் என்னை எழுத்தறிவில்லாதவன் என்று கணக்கெடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் மட்டாஞ்சேரிக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனியில் தமிழ்க் கடிதங்களுக்கான குமாஸ்தா. போடியிலும் விருதுநகரிலும் இருக்கிற வியாபாரிகளுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு அனுப்பப்பட்டது, ஈரம் எங்கள் குற்றமல்ல என்று எழுதுவது வேலை. மற்ற நேரத்தில் படிப்பேன். என் மாடி அறையில் கட்டில், தண்ணீர்க் குடம், நான் ஆகிய மூன்றும் போக மீதி இடமெல்லாம் புத்தகம். அந்த அறை வாசலில்தான், எழுத்தறிவு இயக்கத்துக்காக வீடு வீடாகப் போகிற, கல்லூரி மாணவிபோல இருந்த ஒரு பெண் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நின்றாள்.

"சேட்டா, இதொண்ணு வாயிச்சே" என்று ஓர் அட்டையை நீட்டினாள். பெரிய எழுத்தில் மலையாளம், நாலு வரி.

பேச வரும், வாசிக்க வராது என்று மலையாளத்திலேயே சொன்னேன்.

"சாரமில்லா சேட்டா. வயசொண்ணும் பிரஸ்னமில்லா. ஞங்ஙள் படிப்பிக்காம்" என்று, கற்றுத்தர நாங்கள் இருக்கிறோம் என்கிற தோரணையில் மிகவும் கனிவாகச் சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். கனிவுதான் சுட்டது. போகும்போது என் தோளுக்குப் பின்னால் இருந்த புத்தக அடுக்குகளை ஒருமுறை பார்த்தாள். பழைய பேப்பர் வியாபாரி என்று நினைத்திருப்பாள்.

கோபம் வரவில்லை. இந்த ஊரில் படகுத்துறைப் பலகைகளை நான் ஆட்களைக் கேட்டே படித்து வந்திருக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்ட ஒருநாள், போர்ட் கொச்சித் துறையில் எறணாகுளம் படகு என்று ஏறி எதிரே இருக்கிற வைப்பின் தீவில் போய் இறங்கினேன். அங்கே முக்கியமான வேலை இருப்பவனைப்போல அரைமணி நேரம் உலாத்திவிட்டுத் திரும்பி வந்தேன். வாசிக்கத் தெரியாததை மறைப்பது எவ்வளவு உழைப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னுடையது அரைமணி நேர உழைப்பு. பதினெட்டு வருஷம் அந்த உழைப்பை உழைத்த ஒருவரை நான் அறிவேன். அவரை நான் படித்த விதமும் தப்பு, அவர் என்னைப் படித்த விதமும் தப்பு.

எழுபதுகளின் நடுவில் நான் இங்கே வந்தபோது எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை. சென்னையிலிருந்து ரயிலில் எறணாகுளம் வந்து, அங்கிருந்து படகேறி, மழைக்காலமானால் நனைந்து, தெருமுனைப் பருப்புக்கடைக்கு வந்து சேரும். பருப்புக்கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து கடை வைத்தவர். அவர் பத்திரிகைக்குப் பழுப்புக் காகிதத்தில் ஓர் உறை போடுவார். உறையின் மேல் ஒன்று முதல் ஒன்பது வரை பெயர்கள். ஒரு வீட்டில் இரண்டு நாள். பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டில் தாங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் பத்திரிகையை வைத்துக்கொண்டு, உறையை மட்டும் அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுப்பான். வாரம் ஓர் இதழ் என்பதால் இப்படி மூன்று உறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும்; காகிதம் கிழியும்வரை அதே உறைகள் மறுபடி மறுபடி கிளம்பும். இதற்குச் 'சுற்று' என்று பெயர். அண்ணாச்சி சுற்றுக்குச் செயலாளர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

முதல் பெயர் அண்ணாச்சி வீடு. ஒன்பதாவது பெயர் நான்.

என் கைக்கு வரும்போது பத்திரிகைக்குப் பதினாறு நாள் வயதாகியிருக்கும். தொடர்கதையில் கதாநாயகி எனக்காக அழ ஆரம்பிக்கும்போது எட்டு வீடுகளும் அழுது மூக்கைச் சிந்திவிட்டு அவளுடைய கல்யாணத்துக்குப் போயிருக்கும். பத்திரிகையின் உடம்பிலும் எட்டு வீடுகள் இருக்கும். ஒரு வீட்டின் காப்பி டம்ளர் வளையம், ஒரு வீட்டின் தேங்காயெண்ணெய், ஒரு வீட்டில் குறுக்கெழுத்துப் போட்டியை மையில் தப்பாக நிரப்பியிருப்பார்கள், இன்னொரு வீட்டில் அட்டைப்பட நடிகைக்கு மீசை வைத்திருப்பார்கள். எனக்கு மீசையில் ஆட்சேபமில்லை. கடைசியாக இருப்பதில்தான் ஆட்சேபம்.

சேர்ந்த ஆறாவது மாதமே கடைக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, என் பெயரைக் கொஞ்சம் மேலே ஏத்தக் கூடாதா? ஐந்தாவது, ஆறாவது, எங்கேயாவது."

அண்ணாச்சி துவரம்பருப்பைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் ஆயிட்டுதா தம்பி?"

"இல்லை."

"பொறவு எப்படி ஏத்துறது? ஒத்தக்கட்டை ஆம்பளை படிச்ச புஸ்தகம் குடும்பத்துப் பொம்பளைங்க கைக்குப் போகப்பிடாதுல்லா? நீங்க அதைப் படுத்துக்கிட்டுப் படிப்பீயோ, தலைமாட்டுல வெச்சுக்கிடுவீயோ, யாரு கண்டா. அதை அடுத்தாப்பில ஒரு வீட்டுப் பொண்ணு மடியில வெச்சுப் படிக்கவா? முறைன்னு ஒண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க."

"புத்தகம்தானே அண்ணாச்சி, தலையணையா?"

"ஒரு பொண்ணு பாருங்க. அன்னிக்கே ரெண்டாவது பேரு உங்க பேரு."

பத்திரிகையில் இரண்டாம் இடத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தேன். வேறு காரணங்களை அலசிப் பார்த்ததில் இதுவே வலுவானதாகத் தெரிந்தது. ஆனாலும் பெண் கொடுக்கிறவர்கள் காரணம் கேட்பார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். ஒரு நல்ல வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சுவர் இருக்கிறது. சுவரிடம் சொல்லலாம், சொல்லியுமிருக்கிறேன். ஆனால் என் அறையின் ஒரு சுவர் வெறும் பலகைத் தடுப்பு, உச்சி மூடாதது. அப்பால் ஒரு தையற்காரர் குடியிருந்தார். நான் இருமினால், "தம்பீ, குருமுளகு கஷாயம்" என்று பலகைக்கு மேலாக மருந்து வரும். சத்தமாக ஒரு வரியைப் படித்த அன்று, "ஆரா வந்நிரிக்குந்நது?" என்று விருந்தாளி பற்றி விசாரணை வந்தது. தபாலட்டைகளும் அப்படித்தான். எனக்கு வருகிற அட்டையை அண்ணாச்சி கடையில் போடுவார்கள். "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையாம்" என்று முழுச் செய்தியையும் வாயால் சொல்லி முடித்துவிட்டுத்தான் அண்ணாச்சி அட்டையை நீட்டுவார். கையெழுத்தை மட்டும் நான் படித்துக்கொள்ளலாம். ஆக என்னிடம் தனிமை மூட்டை மூட்டையாக இருந்தது. மறைவு மட்டும் ஒரு முழம்கூட இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்ததில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல், மேற்குப் பார்த்தது. ஆபீஸ் விட்டு வரும் நேரத்தில் வெயில் படுத்தவாக்கில் உள்ளே வந்து கட்டில்மேல் விழும். ஒருநாள் அந்த வெளிச்சத்தில் பத்திரிகையைச் சாய்த்துப் பிடித்தபோது, தொடர்கதைப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மெல்லிய நிழல் தெரிந்தது. பென்சில் இல்லை, மை இல்லை. தடவிப் பார்த்தேன். நகத்தால் அழுத்திய கோடு, அரை அங்குலம் இருக்கும். நேராகப் பிடித்தால் மறைந்துவிட்டது. சாய்த்தால் வந்தது. அதற்கு மேலிருந்த வரி இது: 'அவள் கதவைச் சாத்தவில்லை, சாத்தியதுபோல் வைத்திருந்தாள்.'

எட்டு வீட்டுக் கண்கள் பட்ட காகிதத்தில், எவர் கண்ணிலும் படாமல், ஒருவர் ஒரு வரியைப் பிடித்துவைத்திருக்கிறார். என் உடம்பு சிலிர்த்தது. தையற்காரருக்குக் கேட்காமல் சிலிர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எந்த இதழையும் வெயில் வராமல் நான் படிக்கவில்லை. கோடுகள் வாராவாரம் வந்தன. நாலோ ஐந்தோ இருக்கும், எப்போதும் தொடர்கதையின் முதல் பக்கத்தில். அந்த வரிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். 'குடை இருந்தும் நனைந்துகொண்டு போனான்.' அருமை. 'யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது.' கேட்கவே வேண்டாம். 'டாக்டர் கை கழுவினார்.' இது கொஞ்சம் சிரமப்படுத்தியது. ஆனால் நான் நிறையப் படித்தவன். நிறையப் படித்தவனுக்கு எதிலும் அர்த்தம் கிடைக்கும். உலகத்தைக் கைகழுவுவது, பற்றறுப்பது என்று அரைப்பக்கம் எழுதினேன். 'சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது' என்ற வரிக்கு ஒரு பக்கம்.

வரிகளை வரிசையாகப் படித்தால் ஒரு கடிதம்போல இருந்தது. யாருக்கு? எட்டு வீட்டுக்காரர்களும் எனக்கு முன்னால் படிக்கிறவர்கள். கோடு போட்டவருக்குப் பின்னால் கட்டாயம் வருகிற ஒரே ஆள் நான்தான். இந்தத் தர்க்கத்தில் அப்போது எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

எந்த வீடு என்று தெரிய ஒரு வருஷமானது. நாலு முதல் எட்டு வரையுள்ள வீடுகள் ஒன்றுக்கொன்று சொந்தம். பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாகக் கிளம்பிப் போனார்கள். அந்த வாரம் பத்திரிகை மூன்றாம் வீட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தது. கோடுகள் இருந்தன. ஆகவே மூன்றில் ஒன்று. இரண்டாம் வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் கண்புரை. முதல் வீட்டில் அண்ணாச்சி; முதல் நாளே முழுப் புத்தகத்தையும் தீர்த்துவிடுவதாக அவர் பெருமைப்படும் மனைவி எந்த வரியிலும் நிற்க மாட்டார். மூன்றாம் வீட்டில் டைப் படிக்கப் போகிற ஒரு பெண் இருந்தாள். அவளைப் படகுத்துறையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை அவள் என்னைப் பார்த்து, "எறணாகுளம் படகு அது இல்லை" என்று சொல்லியுமிருக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

எட்டு மாதம் மிகவும் நன்றாகப் போயிற்று. பிறகு அவளுக்குப் பம்பாய் மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. சுற்று முழுவதையும் அழைத்திருந்தார்கள். போனேன். துக்கத்தில் சாப்பாடு இறங்காது என்பது தொடர்கதையில் மட்டும்தான். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். அவள் ரயிலேறிய பிறகு வந்த இதழை, இனிமேல் வெறும் காகிதம்தான் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலில் சாய்த்தேன்.

ஐந்து கோடுகள்.

அப்படியானால் முதல் வீடு. அண்ணாச்சியின் விரல்களை நினைத்துப் பார்த்தேன். பருப்பு அள்ளுகிற விரல்கள். அந்த இரண்டு மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத மாட்டேன்.

அடுத்த முறை உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை பூட்டியிருந்தது. அண்ணாச்சி சரக்கெடுக்க விருதுநகர் போயிருப்பதாகப் பக்கத்துச் சாயாக்கடைக்காரர் சொன்னார். உறை இல்லாமல் அடுத்த இதழ் கிளம்பாது. ஆகவே அவர் வீட்டுக்குப் போனேன். பகல் மூன்று மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வாசல் கதவு சாத்தியதுபோல் இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

"மா... மாடி... மாடிப்... ப... டி... யில்..."

பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அண்ணாச்சியின் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். தரையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, அரிசிமேல் புதிய இதழை விரித்திருந்தார். வலதுகைச் சுட்டுவிரல் நகம் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. உள்ளே குக்கர் சீறியது. உடனே நகத்தை அந்த இடத்தில் ஓர் அழுத்து அழுத்திவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தார். தாளைச் சாய்த்துப் பார்த்தார். கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடர்ந்தார்.

ஒரு வருஷமும் எட்டு மாதமுமாக நான் நோட்டில் எழுதிவந்த கடிதம், குக்கர் சீறிய இடங்களின் பட்டியல்.

நான் ஏதாவது சத்தம் செய்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தார். பத்திரிகை அரிசிக்கு அடியில் போய்விட்டது.

"தம்பியா? அண்ணாச்சி இல்லையே. எப்பம் வந்தது?"

"இப்போதான் அக்கா."

"கேட்டுதா?"

பொய் சொல்லத் தெரிந்தவன் அந்த இடத்தில் சொல்லியிருப்பான். நான் உறையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா சற்று நேரம் அரிசியைக் கிளறினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் தம்பி. நான் இந்த ஊர்லே பிறந்தவளாக்கும். பள்ளிக்கூடத்திலே படிச்சதெல்லாம் மலையாளம். பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பா, தமிழ் நல்லா வாசிப்பான்னு ஒரு வாக்குச் சொல்லிட்டார். அண்ணாச்சி நம்பிட்டார். பதினெட்டு வருஷமாச்சு. இப்பப் போய் எப்படிச் சொல்ல?"

"அவருக்குத் தெரியாதா?"

"கடையிலே எல்லார்ட்டேயும் சொல்லுவாரே, எங்க வீட்டிலே மொத நாளே முழுப் புஸ்தகமும் தீத்துருவான்னு. நீங்க கேட்டதில்லையோ?"

கேட்டிருக்கிறேன். எல்லாரும் கேட்டிருந்தோம்.

"குழாயடியிலே எல்லாரும் எங்கிட்டே சண்டை. அக்கா நீதான் முதல்லே வாசிக்கே, அடுத்து என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லுன்னு. நான் சொல்லவே மாட்டேன், நீங்களே வாசிச்சுக்கோங்கன்னுருவேன். அக்காவுக்கு எவ்வளவு அடக்கம், ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாங்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல."

எழுத்தை எப்படிக் கற்றார் என்று கேட்டேன். சினிமாப் பாட்டுப் புத்தகங்களிலிருந்து என்றார். ரேடியோவில் கேட்டுப் பாட்டெல்லாம் மனப்பாடம். தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாய் பாடப் பாட விரலால் எழுத்தைத் தொட்டுப் பிடித்திருக்கிறார். இந்த வளைவு 'க', இந்தக் கொக்கி 'கா'. வீட்டுக்கு யாராவது வந்தால் பாடுவதுபோல் இருந்துவிடலாம். கதைக்கு வந்தபோதுதான் கஷ்டம். கதையை யாரும் ரேடியோவில் பாடவில்லை. இரண்டு நாளில் ஒரு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. அதற்குள் இரண்டாம் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கையில் வைத்திருந்தால் அண்ணாச்சியே, "நீ எப்பமே தீத்திருப்பியே, குடுத்துரு" என்பார்.

"அப்போ ஒரு அத்தியாயம்கூட..."

"முழுசா ஒண்ணும் வாசிச்சதில்லை. எல்லாக் கதையிலேயும் ஆரம்பம் மட்டும் எனக்கு அறியும்" என்றார். பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே, "பழசெல்லாம் தம்பி கையிலே தானே நிக்கிது?" என்றார்.

என் கையில்தான் நின்றது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைப்பது கடைசிப் பெயரின் உரிமை. ஆனால் ஒத்தக்கட்டை படித்த புத்தகம் குடும்பத்துக்குப் போகப்பிடாது. போனாலும், முதலில் படித்தவள் பழசை எதற்கு மறுபடி கேட்கிறாள் என்று குழாயடி கேட்கும்.

இருவரும் ஒரே சமயத்தில் என் கையிலிருந்த உறையைப் பார்த்தோம். எட்டு வீடு சுற்றி, காலியாக, வாரம் ஒருமுறை ஒன்பதாம் பெயரிலிருந்து முதல் பெயருக்குத் திரும்பி வருகிற உறை. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"இனி கடையிலே குடுக்கண்டாம்" என்றார் அக்கா. "இந்த ஜன்னல் கம்பியிலே சொருகிட்டுப் போயிருங்க. நான் எடுத்துக்கிடுறேன்."

அன்று மாலை, கதவைச் சாத்தியதுபோல் வைத்திருந்தவளின் கதையை எடுத்தேன். தைத்த நூலை அறுத்து முதல் அத்தியாயத்தைப் பிரித்தேன். நான் ஊசியால் குத்தித் தைத்ததை நானே பிரிப்பதில் வருத்தம் இல்லை. எனக்குப் பின்னால் ஒருவர் படிக்கப் போகிறார். அந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. 'கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தான், யாரும் கூப்பிடவில்லை.' வெயிலில் சாய்த்து, அதற்குக் கீழே நகத்தால் கோடு போட்டேன். முதல் தடவை கொஞ்சம் அழுத்திவிட்டேன். காகிதம் லேசாகக் கிழிந்தது. பழக்கமில்லாத கை.

அதன் பிறகு வாரம் ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றிலும் ஒரு வரி, சில சமயம் இரண்டு. உறையைச் சொருகும்போது ஜன்னலில் ஆள் இருக்காது. இருக்கக் கூடாது என்பதும் பேசாமலே ஏற்பட்ட ஒரு முறை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று மூன்றாவது வாரம் தெரிந்தது. என்னிடம் வந்த புதிய இதழைச் சாய்த்துப் பிடித்தேன். கோடு இல்லை. வேறு பக்கங்களைப் பார்த்தேன். அடுத்த வாரமும் இல்லை. யோசித்தால் நியாயம்தான். கையில் நிம்மதியாகப் படிக்கப் பழைய அத்தியாயம் இருக்கும்போது புதியதில் எதற்குப் போராட வேண்டும்? அவர் நகம் இப்போது படுகிற காகிதம் அவர் வீட்டில் தங்கிவிடும், என்னிடம் வராது. எனக்குப் பின்னால் ஒரு வாசகர் கிடைத்தார். முன்னால் இருந்தவர் போய்விட்டார். சுற்று என்கிற ஏற்பாட்டிலேயே இது உண்டு. வட்டத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் ஒருவருடைய முதுகுதான் தெரியும்.

குக்கரின் சீறல் என்று தெரிந்த பிறகும், அந்தக் கோடுகள் இல்லாத பக்கங்களைப் படிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்பதாவதாகப் படித்தும், நானே முதல் ஆள்போல இருந்தது. நோட்டைத் தூக்கிப் போடவில்லை. 'சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது' பற்றிய ஒரு பக்கம் இன்றும் மோசமில்லை.

ஒருநாள் கடையில் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உறையை ஏன் இப்பம்லாம் கடைக்குக் கொண்டாரதில்லை?"

"வழியில் வீடு இருக்கிறதே என்று..."

"எது வழி? உங்க ஆபீஸு வடக்க. நீங்க இருக்கது தெக்க. எங்க வீடு கெழக்கல்லா இருக்கு?"

எனக்குத் திசையே தெரியாது அண்ணாச்சி, வைப்பினில் போய் இறங்கியவன் நான் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சரி, நடந்தா ஒடம்புக்கு நல்லதுதான்" என்றார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொண்டே சொன்னாரோ என்று சில நாள் தோன்றும். மனிதர்கள் பேசுவதைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வழியில்லை.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போயிற்று. முதல் கதை முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது முடிந்தன. பிறகு எண்பதுகளின் நடுவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. முதலில் ஏழாம் வீட்டில். மற்றவர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பிறகு அவரவர் வாங்கி அவரவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். பத்திரிகை வேண்டியவர்கள் தனித்தனியாக வரவழைத்துக்கொண்டார்கள். பிறர் கைபட்ட காகிதம் கூடாது என்று ஒரு புது நாகரிகமும் வந்திருந்தது. வீடுகளில் கதவுகள் நிஜமாகவே சாத்தப்பட்டன. சுற்றை யாரும் கலைக்கவில்லை. ஒரு வாரம் உறை என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான். நான் பதினெட்டு நாள் காத்திருந்தேன். பிறகு இன்னும் பதினெட்டு நாள். கடைசியில் நானும் ஒரு பிரதிக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். நடிகைக்கு மீசை இல்லை. குறுக்கெழுத்துப் போட்டி காலியாக இருந்தது. அதைத் தப்பாகவாவது நிரப்பலாமென்று உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அண்ணாச்சி எறணாகுளம் பக்கம் கலூரில் இடம் வாங்கி வீடு கட்டினார். சாமான் ஏற்றுகிற அன்று காலை உதவிக்குப் போனேன். லாரியின் மேல் நின்று அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கல்லைக் கட்ட வேண்டாம் என்று கீழிருந்து நாலு பேர் சொல்ல, அவர் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனேன். காலி வீட்டில் அக்கா ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது தம்பியோடது. எண்ணிப் பாருங்க, ஒரு தாளும் போகலை. நானே தைச்சிருக்கேன்."

மூன்று கதைகளும் தனித்தனியாக. என் தையலைவிட நேரான தையல்.

"நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன் அக்கா."

"எனக்கெதுக்கு? வாசிச்சாச்சே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது. பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளாச்சு. தம்பி ரூம்லே கரப்பான் உண்டோ?" என்றார்.

"உண்டு. ஏன்?"

"தாள்லே அங்கங்கே கோடு கிடந்தது. நான் நிறுத்தின எடமாக்கும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் அங்கேயே போய் ஆரம்பிப்பேன். வாசிச்ச மாதிரி இருக்கே, வாசிச்ச மாதிரி இருக்கேன்னு ஒரே வரியை நாலஞ்சு தடவை வாசிச்சிருக்கேன், கேட்டோ. சிலதெல்லாம் பாட்டு மாதிரி மனப்பாடமாப் போச்சு."

"எந்த வரி?"

வெளியே அண்ணாச்சி யாரையோ, "லே, இழுத்துப் பிடி" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டு, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னார். "கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தான். யாரும் கூப்பிடவில்லை."

கொச்சிக்காரர் உச்சரிப்பில் அது வேறு வரிபோல இருந்தது.

"கரப்பானாகத்தான் இருக்கும்" என்றேன்.

"மருந்து வெச்சுப் பாருங்க" என்றார். லாரியில் முன்பக்கம் ஏறிக்கொண்டார். அண்ணாச்சி மேலேயிருந்து, "தம்பி, ஒரு பொண்ணு பாருங்க" என்று பழக்கத்தில் சொன்னார். லாரி திரும்பும்வரை நின்றேன்.

அறைக்கு வந்து பையைப் பிரித்தேன். ஜன்னலுக்கு அருகே கொண்டுபோனால் அவர் நின்ற இடங்களும் நான் போட்ட கோடுகளும் ஒரே பக்கத்தில் தெரியும். எது எவருடையது என்று சாய்த்துப் பார்த்தால் ஒருவேளை பிரித்துவிடலாம். ஆனால் அன்று மழைக்கோளாக இருந்தது, வெயில் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜைமேல் வைத்தேன். எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.